யாரிடம் ஒப்படைத்தீர்கள்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





'பாடசாலையும் குடும்பமும்' என்ற தலைப்பில் பேசும்படி சங்கம் கேட்டபோது நாம் தயங்கினோம். நாம் கல்வி அதிகாரிகள் அல்ல. அதிபராகவோ ஆசிரியராகவோ இருந்ததும் இல்லை. ஆனால் பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு செய்தி தொலைந்துபோனால் அது கடைசியில் எங்கே வந்து சேர்கிறது என்பது நமக்குத் தெரியும். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து சேர்கிறது. அதனால் மருத்துவர்களாகவும், இப்பாடசாலையின் பிள்ளைகளாகவும், இப்போது பாடசாலைப் பிள்ளைகளின் உம்மாமாராகவும் சில வார்த்தைகள் பேச ஒப்புக்கொண்டோம்.

முதலில் ஒரு பழைய ஞாபகம். 1990களின் ஆரம்பத்தில் இங்கு படித்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் காலம் நமக்கு மறக்காது. ஹர்த்தால், ஊரடங்கு, எங்கோ கேட்கும் வெடிச்சத்தம். காலையில் பாடசாலைக்கு வரும்போது பகல் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. தொலைபேசி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். பாடசாலையை இடையில் மூட வேண்டி வந்தால் மணி நீளமாக அடிக்கும். நாம் வகுப்புவாரியாக அல்ல, தெருவாரியாக வரிசையில் நிற்போம். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வரிசை, பிரதான வீதிக்கு மேற்கே உள்ளவர்கள் ஒரு வரிசை, தூரத்து ஊர்ப் பிள்ளைகள் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மேல்வகுப்பு ராத்தா ஒருவர் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளை அவர்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மறுபடியும் பாடசாலை திறக்கும் நாளில், காலைக் கூட்டத்தில் அப்போதைய அதிபர் அந்த ராத்தாமாரை முன்னால் அழைத்து ஒரேயொரு கேள்வி கேட்பார்: "யாரிடம் ஒப்படைத்தீர்கள்?"

"வீட்டில் விட்டுவிட்டோம் டீச்சர்" என்ற பதில் செல்லாது. "உம்மாவிடம்", "மூத்தம்மாவிடம்", "பக்கத்து வீட்டு மாமியிடம்" என்று ஆளைச் சொல்ல வேண்டும். ஒருமுறை நமது வகுப்புத் தோழி ஒருத்தியின் ராத்தா "வாசலில் விட்டோம்" என்று சொல்லிவிட்டார். அன்று பாடசாலை விட்டதும் அந்த வீட்டுக்கு நடந்துபோய், அந்த நேரம் வீட்டில் யார் இருந்தார்கள் என்று விசாரித்துவர அனுப்பப்பட்டார். விசாரித்தபோது, வீட்டில் யாருமே இருக்கவில்லை. பிள்ளை மாலைவரை பக்கத்து வளவில் ஒரு மரத்தடியில் இருந்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வாசல் என்பது ஓர் ஆள் இல்லை என்ற பாடத்தை அன்று முழுப் பாடசாலையும் படித்தது.

பல வருடங்களுக்குப் பிறகு மருத்துவப் பயிற்சியில் அதே பாடத்தை மறுபடி படித்தோம். இரவு நேரம் வாட்டுக்குத் தொலைபேசியில் ஒரு மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னால் அதோடு வேலை முடியாது. மறுமுனையில் இருப்பவர் அதை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அது சரி என்று நாம் சொன்ன பிறகுதான் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. நோயாளிக்கு விளக்கம் சொல்லும்போதும் அப்படித்தான். "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இந்தக் குளிசையை எப்படிக் குடிப்பீர்கள், ஒருக்கா சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் விளங்கியதும் விளங்காததும் தெரியவரும்.

சகோதரிகளே, இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். செய்தியை அனுப்புவது ஒரு வேலை. அது ஓர் ஆளின் கையில் சேர்ந்ததா என்று பார்ப்பது இன்னொரு வேலை. நமது பாடசாலைகளும் அலுவலகங்களும், வைத்தியத் துறையினரான நாங்களும், முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

அப்படி விலை கொடுத்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம். ஊரையும் பாடசாலையையும் சொல்லவில்லை. பிள்ளையின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

நமது நாட்டில் தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவினர் வந்து உயரம், நிறை, பல், பார்வை எல்லாம் பார்ப்பார்கள். குறை ஏதும் இருந்தால் பெற்றோருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள். 2017இல் தரம் 1இல் இருந்த இந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு என்று கண்டுபிடித்தார்கள். கண் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லும்படி துண்டும் கொடுத்தார்கள். பிள்ளை அதைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். 2020இல் அவள் தரம் 4. அந்த வருடம் மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்தப் பரிசோதனை அவளுக்குக் கிடைக்கவில்லை. 2023இல் தரம் 7 பரிசோதனையில் மறுபடி கண்டுபிடித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

இதைச் 'சோம்பல் கண்' என்று சொல்வார்கள். கண்ணின் குறையால் மங்கலாகவே பார்க்கும் ஒரு கண்ணை, வளரும் மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடுகிறது. சின்ன வயதில், குறிப்பாக ஏழு வயதுக்குள், கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒரு நாளில் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்கினால், அந்தக் கண்ணைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது ஏற ஏற அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். 2017இல் ஒரு கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதுமாக இருந்திருக்கும். 2023இல் முயன்று பார்த்தோம். கிடைத்த பலன் கொஞ்சம்தான்.

உம்மாவிடம் கேட்டோம். "டொக்டர், நான் அப்ப சவூதியில. எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே" என்று அழுதார். பக்கத்தில் மூத்தம்மா. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "பிள்ளை ஒரு கடதாசி கொண்டுவந்திச்சி மகள். காசி கேக்கிறாங்களாக்கும் எண்டு அலுமாரிக்க வெச்சிட்டன்" என்றார். அந்தத் துண்டு பழைய கொப்பிகளோடு இன்னும் அந்த அலுமாரியில்தான் இருந்தது. அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். தெளிவான எழுத்து, சரியான திகதி, சரியான கையொப்பம். ஒன்றிலும் பிழை சொல்ல முடியாது.

இடைப்பட்ட வருடங்களில் அந்தப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கைகளில் 'கவனம் போதாது' என்று எழுதப்பட்டிருந்தது. வீட்டில் அதற்காக அடியும் வாங்கியிருக்கிறாள். வகுப்பாசிரியைக்குக் கண் விடயம் தெரியாது. சுகாதாரக் குழுவுக்குத் தேர்ச்சி அறிக்கை தெரியாது. வீட்டுக்கு இரண்டுமே விளங்கவில்லை. இதில் கெட்டவர் என்று யாரையும் காட்ட முடியாது. எல்லோரும் தத்தமது வேலையைச் செய்திருக்கிறார்கள். யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இனி, ஒரு கடிதம் நமது வீடுகளுக்கு வரும் பாதையைப் பாருங்கள். கல்வி அமைச்சு பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கிறது. தேசிய பாடசாலைகள் நேரடியாக அதன் கீழ். மாகாணப் பாடசாலைகளுக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் திருகோணமலையில். அதற்குக் கீழே கல்முனை வலயக் கல்வி அலுவலகம். அதற்குள் கல்முனை முஸ்லிம், கல்முனை தமிழ், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஐந்து கோட்டங்கள். பிறகு அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியை. சுகாதாரத்துக்கு வேறொரு பாதை: கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை, சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பிரதேச செயலகத்துக்கு இன்னொரு பாதை. ஒவ்வொரு படியிலும் பதிவேடு இருக்கிறது, திகதி முத்திரை இருக்கிறது, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் இருக்கிறது. கடைசிப் படியில் மட்டும் எதுவும் இல்லை. இத்தனை திணைக்களங்களும் கடைசியில் நம்பியிருப்பது தரம் 1 பிள்ளையின் புத்தகப்பையைத்தான்.

"அது பழைய காலம், இப்போது வட்ஸ்அப் இருக்கிறதே" என்று சிலர் சொல்வீர்கள். நாமும் பல வகுப்புக் குழுக்களில் உம்மாமாராக இருப்பவர்கள்தான். நடப்பதைச் சொல்கிறோம். வீட்டில் இருக்கும் நல்ல கைபேசி வாப்பாவுடையது. வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். பாடசாலை மதிலுக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி டோஹாவுக்குப் போய், அவர் வேலை முடிந்து பார்த்து, அதன் பிறகு வீட்டுக்கு வருகிறது. உம்மாவிடம் சொந்தத் தொலைபேசி இருந்தாலும், முன்பின் தெரியாத ஆண்கள் உள்ள குழுவில் தன் இலக்கம் தெரிவதை விரும்பாமல் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார். இருப்பவர்களும் சலாம்களுக்கும் வாழ்த்துகளுக்கும் பூப்படங்களுக்கும் நடுவில், நாளை வெள்ளைக் கடதாசி கொண்டுவரச் சொன்னதைத் தேட வேண்டியிருக்கிறது. இன்னும் மோசமான ஒன்றும் நடக்கிறது. கட்டணம் செலுத்தாதவர்களின் பெயர்ப் பட்டியலும், தவணைப் பரீட்சைப் புள்ளிகளும் எல்லோரும் பார்க்கும்படி அந்தக் குழுக்களில் போடப்படுகின்றன. தன் பிள்ளையின் பெயரை அப்படி ஒருமுறை கண்ட உம்மா, அதன் பிறகு பாடசாலையிலிருந்து வரும் எதையும் திறந்து பார்க்க மாட்டார். நாமாக இருந்தாலும் பார்க்க மாட்டோம்.

எழுத்தில் போகும் செய்திக்கும் குரலில் போகும் செய்திக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஆபிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது பொட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. சில குடும்பங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பயிற்சிகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியோடு, வாரம் ஒருமுறை சுமார் இருபது நிமிடம் தொலைபேசியில் அழைத்துப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் பேசினார்கள். குறுஞ்செய்தி மட்டும் கிடைத்த பிள்ளைகளில் சொல்லத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. குரலும் சேர்ந்துபோன வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 2022இல் வெளியான ஆய்வு இது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. சாதாரணக் கைபேசியும், பேச ஓர் ஆளும் போதுமாக இருந்தது.

நமது அனுபவமும் அதையே சொல்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017இல் நமது தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தரம் 6 மாணவிகளுக்கு இரண்டு தடவை போடப்படுகிறது. ஒரு பாடசாலைக்கு நாங்கள் போன முதல் நாள், அந்த வகுப்பில் அரைவாசிக்கும் மேல் பிள்ளைகள் வரவில்லை. நாங்கள் அனுப்பிய கடிதம் சட்டதிட்டப்படி சரிதான். ஆனால் அது வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் வதந்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "இந்த ஊசி போட்டாப் பிள்ளை கிடைக்காதாம்" என்று ஒரு குரல் பதிவு ஊரெல்லாம் சுற்றியிருந்தது. உம்மாமாரைக் குறை சொல்வது இலேசு. ஆனால் வதந்தி அவர்களுக்குத் தெரிந்த மொழியில், தெரிந்த குரலில் வந்தது. எங்கள் கடிதமோ அலுவலக மொழியில், முகம் இல்லாமல் போயிருந்தது. பிழை எங்களிலும் இருந்தது.

அடுத்த தடவை கடிதத்தோடு நிற்கவில்லை. வகுப்பாசிரியையும், அந்தத் தெருவில் வசிக்கும் பழைய மாணவிகள் இருவரும், குடும்பநல உத்தியோகத்தரும், நாங்களும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வீட்டு விறாந்தையில் கூடினோம். நாங்கள் பேசியது கொஞ்சம், கேட்டது அதிகம். "உங்கட பிள்ளைக்குப் போட்டீங்களா டொக்டர்?" என்று ஒரு தாய் நேராகவே கேட்டார். "ஓம், போட்டோம்" என்றோம். அந்த ஒரு பதில் செய்த வேலையை எங்கள் பத்துக் கடிதங்கள் செய்திருக்காது. வராமல் இருந்தவர்களில் அநேகமானோர் அடுத்த தடவை வந்தார்கள். வராத சிலரின் காரணமும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒரு விடயத்தைத் தொட வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 26. நமது கரையோரம் முழுவதும் வெள்ளம். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகளை இழந்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அந்த வீடுகளின் துயரத்தை வைத்து யாரையும் குற்றம் சாட்ட நாம் இங்கே நிற்கவில்லை. அந்தச் சம்பவத்தின் பொறுப்பைத் தீர்மானிப்பது நமது வேலையும் அல்ல.

ஆனால் அந்த வாரத்தை உம்மாமாராக நாம் கடந்தோம். முதல் நாள்தான் க.பொ.த. உயர்தரப் பரீட்சை தொடங்கியிருந்தது. வெள்ளத்தால் 27ஆம் திகதி முதல் அது இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மறுபடி ஆரம்பமானது. பரீட்சை இருக்கிறதா, இல்லையா, எந்த வீதி திறந்திருக்கிறது என்று அந்த நாட்களில் நமது தொலைபேசிகளுக்கு வந்த செய்திகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று முகநூலில், ஒன்று யாரோ அனுப்பிய குரல் பதிவில், ஒன்று போன வருடத்துக் கடிதத்தின் படமாக. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை தேசிய பாடசாலையில், மற்றது மாகாணப் பாடசாலையில். அல்லது ஒன்று கல்முனை வலயத்தில், மற்றது சம்மாந்துறை வலயத்தில். அந்த வீட்டுக்கு இரண்டு அறிவித்தல்கள். வெள்ளத்துக்கு வலய எல்லை தெரியாது. நமது அறிவித்தல்களுக்கு மட்டும் தெரிகிறது.

2004 டிசம்பர் 26ஐயும் நாம் கண்டவர்கள். இந்த நாட்டில் மிக அதிகமான உயிர்களைச் சுனாமிக்குக் கொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று நமக்கு எச்சரிக்கை என்று ஒன்று இருக்கவில்லை. இன்று எச்சரிக்கைக்குக் குறைவில்லை. அது எந்த வாயால் வருகிறது, எந்தக் காதில் விழுகிறது, கேட்டவர் பதில் சொன்னாரா என்பதுதான் இன்றைய குறை.

குறைகளை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது பழைய மாணவிகளுக்கு அழகல்ல. எனவே ஐந்து விடயங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, புதிய வகுப்பு ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கப் படிவம். பெற்றோர் பெயர் மட்டும் போதாது. இந்த வருடம் பிள்ளையை உண்மையில் பார்த்துக்கொள்வது யார்? அவருக்கு வாசிக்கத் தெரியுமா, குரலில் சொல்ல வேண்டுமா? எந்த இலக்கம், எந்த நேரம்? அவசரத்தில் பிள்ளையை யாரிடம் கொடுக்கலாம்? வெளிநாட்டில் உம்மா இருக்கும் பிள்ளைக்கு மூத்தம்மாவின் பெயர் இருக்கட்டும். இந்தப் படிவம் வகுப்பாசிரியையின் பூட்டுக்குள் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் விபரம் இது. யாருடைய கைபேசியிலும் படமாகச் சுற்றக்கூடாது.

இரண்டாவது, வீட்டுக்குப் போகும் முக்கியமான கடிதம் ஒவ்வொன்றிலும் கிழித்துத் திருப்பி அனுப்பும் ஒரு துண்டு. மூன்று நாளில் திரும்பி வராவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பு. அதுவும் இல்லையென்றால் ஒரு நடை. இதில்தான் பழைய மாணவிகளின் பலம் இருக்கிறது. நம்முடைய ஊர்களில் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார். அதனால் ஒவ்வொரு தெருவிலும் இந்தப் பாடசாலையில் படித்த மூன்று தலைமுறை இருக்கிறது. உம்மா, மகள், பேத்தி. இப்படியொரு வசதி எந்தத் திணைக்களத்துக்கும் கிடையாது. தெருவுக்கு ஒரு பழைய மாணவி பொறுப்பெடுத்தால் போதும். நமது அதிபர் அன்று செய்த அதே தெரு வரிசைதான்.

மூன்றாவது, பெரிய குழுவுக்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியல். வட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது. ஒருவர் அனுப்புவார், ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. பாடசாலையின் இலக்கத்தை உம்மா தன் தொலைபேசியில் சேமித்திருந்தால்தான் அது வந்துசேரும். அதைச் சேமித்துக்கொடுப்பதையே முதல் பெற்றோர் கூட்டத்தின் முதல் வேலையாக வைக்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு, நமது பேச்சு மொழியில். புள்ளிகளும் பணப் பாக்கியும் பொதுவில் ஒருபோதும் வேண்டாம்.

நான்காவது, அனர்த்த நாளுக்கு ஒரே வாய். வலயக் கல்வி அலுவலகத்தோடு பேசி, ஐந்து கோட்டங்களுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கை மழைக்காலத்துக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும். பாடசாலை இல்லை என்ற முடிவு முதல் நாள் இரவுக்குள், ஒரே இடத்திலிருந்து, ஒரே வாசகமாக வர வேண்டும். அதைப் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் ஒலிபெருக்கியில் சொல்லட்டும். ஜனாஸா அறிவித்தலை நாம் எவ்வளவு நம்பிக் கேட்கிறோமோ, அதையும் அப்படிக் கேட்கலாம். வேன்காரர்களும் ஓட்டோக்காரர்களும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பாடசாலை இடையில் மூடினால், வீட்டில் பெயர் குறித்த ஒருவர் "பாதை சரி, அனுப்புங்கள்" என்று சொல்லும்வரை ஒரு பிள்ளையும் வாசல் தாண்டக்கூடாது. அதுவரை பாடசாலைக்குள் இருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

ஐந்தாவது, நல்ல செய்தியும் வீடு போக வேண்டும். பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால் நமது உம்மாமாருக்கு நெஞ்சு பதறுகிறது. ஒன்று முறைப்பாடு, அல்லது பணம். அந்த மூத்தம்மா துண்டை அலுமாரியில் வைத்ததற்கு அவருடைய எழுத்தறிவின்மை மட்டும் காரணமல்ல. அதற்கு முன்னால் வந்த கடதாசிகள் எல்லாம் காசு கேட்டே வந்திருந்தன. தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை வீட்டுக்குப் போகட்டும். "உங்கட மகள் இன்டைக்கு நல்லா வாசிச்சா" என்று ஒரு டீச்சர் சொன்னால், அடுத்த தடவை அந்த வீடு காது கொடுக்கும்.

இங்கே ஆசிரியைகளுக்காகவும் ஒரு வார்த்தை. நாற்பது பிள்ளைகளின் வீடுகளுக்குச் சொந்தப் பணத்தில் தொலைபேசி எடுக்கும் டீச்சர்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் இரவு இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அவர்களுக்குச் செய்தி அனுப்புவதை உம்மாமாராகிய நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிநாடுகளிலுள்ள சகோதரிகள் நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். நுழைவாயில் வளைவும் மண்டபத்துக்குக் குளிரூட்டியும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு சேர்த்து, வகுப்புக்கு ஒரு பாடசாலைத் தொலைபேசியையும் அதன் மாதக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை வைக்க அதில் இடம் இருக்காது. ஆனால் அந்தத் தொலைபேசியால் ஒரு பிள்ளையின் கண் தப்பலாம்.

நாம் கேட்பதில் புதுமை ஒன்றும் இல்லை. போன் இல்லாத காலத்தில், சத்தம் கேட்டுப் பயந்து நின்ற நமது கைகளைப் பிடித்துக்கொண்டு மேல்வகுப்பு ராத்தாமார் இதைச் செய்தார்கள். அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். அன்று நமது கையை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினீர்கள். அதற்கு இவ்வளவு காலமும் நாம் நன்றி சொன்னதில்லை. இன்று சொல்கிறோம், ஜஸாக்கல்லாஹு ஹைரன்.

அந்தக் கண் பிள்ளை இப்போது முன் வாங்கில் இருந்து படிக்கிறாள். வகுப்பாசிரியைக்கு எல்லாம் தெரியும். உம்மா ஊருக்கு வந்துவிட்டார். போன தடவை கிளினிக்குக்கு வந்தபோது தேர்ச்சி அறிக்கையையும் கொண்டுவந்து காட்டினாள். 'கவனம் போதாது' என்ற வரி அதில் இல்லை. ஒரு கண்ணை நாம் இழந்துவிட்டோம், பிள்ளையை இழக்கவில்லை. இப்போது தரம் 1இல் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் மிஞ்ச வேண்டும்.

நூறு வருடங்களாக இந்த ஊர் தன் பெண் பிள்ளைகளை இந்த வாசலில் ஒப்படைத்து வந்திருக்கிறது. இரண்டாவது நூற்றாண்டில் இங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தப் பழைய கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். பதிலாக ஓர் ஆளின் பெயர் வரும்வரை கேட்போம்.